ஒரு கணமும் தாமதமின்றி

அந்த விளம்பரப் புத்தகத்தை எழுதியவன் நான்தான். எட்டுப் பக்கம், வழவழப்புத் தாள், அட்டையில் சிறகு விரித்த கழுகு, அதன் காலடியில் தங்க எழுத்தில் ‘ஒரு கணமும் தாமதமின்றி’. 1994ஆம் வருடம். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. எதையும் நாலு அடைமொழி சேர்த்து எழுதிவிட்டால் அது தொழில்நுட்ப விளக்கம் ஆகிவிடும் என்று நம்புகிற வயது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மனியில், மைன் நதியோரம் எங்கள் ஊரில் செய்தித்தாள் அச்சடிக்கும் இயந்திரங்கள் செய்தோம். அவற்றைப் பூட்டி ஓட்டிப் பார்த்த கூடத்தில் இப்போது உடற்பயிற்சி நிலையம் நடக்கிறது. ஆட்கள் நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக ஓடுகிறார்கள். எங்கள் காலத்தில் அங்கே காகிதம் ஓடியது; அது எங்கேயாவது போய்ச் சேரவும் செய்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் என் மூக்கு மை வாசனையைத் தேடும். கிடைப்பது வியர்வையும் எலுமிச்சை சோப்பும்.

அந்தக் கூடத்தை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருபவள் ரோஸ்விதா எண்ட்ரஸ். மின்னணுப் பிரிவின் தலைவி. பிரிவில் மொத்தம் மூன்று பேர், தலைவியையும் சேர்த்து.

நூறு வருடமாக அச்சு இயந்திரத்தின் உருளைகளையெல்லாம் ஒரே நீளமான ஷாஃப்ட் சுழற்றிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு மீட்டர் இரும்பு. ஒரு முனையில் மோட்டார், வழியெல்லாம் பல்சக்கரம், எண்ணெய், இரைச்சல். ஒரே தண்டில் எல்லாம் கோத்திருப்பதால் ஒன்று முந்தவும் முடியாது, ஒன்று பிந்தவும் முடியாது. அந்த ஷாஃப்டையே எடுத்துவிடலாம் என்றாள் ரோஸ்விதா. உருளைக்கு ஒரு மோட்டாராக எட்டு மோட்டார். எட்டையும் கண்ணாடி இழையில் வளையமாகக் கோத்து, தலைமாட்டில் ஒரு கம்ப்யூட்டர். அந்த வளையத்தில் வினாடிக்கு ஐநூறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு மோட்டாருக்கும் அதனதன் முறை வரும்போது ஒரு தந்தி அனுப்பும்: ‘இவ்வளவு திரும்பு.’ தந்தி என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாரும் கண்டிராத ஒழுக்கம் அது.

இயக்குநர் டாக்டர் எங்கல்பெர்ட் ஷ்ராமுக்கு இந்த யோசனை பிடித்துப்போனது. பிடித்துப்போன யோசனை ஒரு வாரத்துக்குள் அவருடைய யோசனை ஆகிவிடுவது வழக்கம். ஆனால் அவர் எச்சரிக்கையான மனிதர். புகழைத் தன் பெயரிலும் ஆபத்தை அடுத்தவர் பெயரிலும் எழுதிக்கொள்வார். ஜூன் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை முதல் வாடிக்கையாளர் வந்து ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் மின்னணுப் பிரிவு வளரும். உட்காராவிட்டால் பழைய ஷாஃப்ட் திரும்பிப் பூட்டப்படும், மூன்று பேர் பிரிவு மூடப்படும். ஷ்வைன்ஃபுர்ட்டில் பேரிங் தொழிற்சாலை ஒன்றில் குண்டுகளின் வட்டத்தைச் சோதிக்கிற பழைய வேலைக்கே ரோஸ்விதா திரும்பிப் போக வேண்டியதுதான். ஏழு வருடம் அந்தக் குண்டுகளைப் பார்த்திருக்கிறாள். “அதெல்லாம் வட்டமாத்தான் இருந்துச்சு, ஹெர் ஹுப்மான்,” என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள். “ஏழு வருஷமும்.”

முதல் சோதனை அச்சு மே மாதக் கடைசியில். எந்தப் படத்தை அச்சடிப்பது என்பதில் விவாதமே இல்லை, இயக்குநரின் படம்தான். நாலு நிறத்தில், அரைப் பக்கத்துக்கு. காகிதம் வேகம் பிடித்தது. ஆலோயிஸ் ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். ஆலோயிஸ் ஹ்யூம்மர் இயந்திரம் பூட்டும் ஆட்களின் மேஸ்திரி. ஊரிலேயே யாரையும் ‘நீங்க’ என்று அழைக்காத மனிதர், இயக்குநரைத் தவிர. இயக்குநரையும் அவர் இல்லாதபோது விட்டுவைப்பதில்லை. கழற்றிய ஷாஃப்டைக் கூடத்தின் ஓரத்தில் மரக்கட்டைகள்மேல் கிடத்தி, தினமும் எண்ணெய் தடவி வைத்திருந்தார், எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று.

“பொண்ணே, இங்க வா. டைரக்டருக்கு ரெண்டரை மீசை மொளைச்சிருக்கு.”

ரோஸ்விதா வந்து பார்த்தாள். நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். மூக்குக்கு நிழல்போல இன்னொரு மூக்கு.

“ஒரு மீசையையே அந்த ஆளு ஊரெல்லாம் சுமந்துக்கிட்டுத் திரியறாரு,” என்றார் ஆலோயிஸ். “ரெண்டரைன்னா தாங்குவாரா? ஷாஃப்ட்டைத் தூக்கியாரச் சொல்லவா?”

“கைய வெச்சுப் பாருங்க, ஆலோயிஸ். விரல்ல கண்ணாடி இழையைச் சுத்தி விட்டுடுவேன்.”

“அடியாத்தி. கோவத்தப் பாரு.”

ஆனால் அடுத்த தாளில் ஒரே மீசை. அதற்கடுத்த நூறிலும் ஒரே மீசை. திடீரென்று இருபது தாளுக்கு இரண்டரை. பிறகு மறுபடி ஒன்று. எப்போதும் தப்பாக இருந்தால் திருத்திவிடலாம். சில சமயம் மட்டும் தப்பாக இருப்பதுதான் மனிதனைக் கொல்லும். நாலு நாள் அவள், மின்துடிப்பைக் கோடாகக் காட்டும் அலைக்காட்டியை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு மோட்டார் மோட்டாராகப் போனாள். விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

“தந்தி லேட்டா வருதா?” என்று கேட்டேன்.

“லேட்டா வந்தாப் பரவாயில்லைங்க. ஒரு தடவை கரெக்டா வருது, ஒரு தடவை பிந்துது. இந்த நடுக்கம்தான் கழுத்தறுக்குது. உங்க மாமனார் எப்பவும் அரைமணி லேட்டுன்னா உருளைக்கிழங்கை அரைமணி தள்ளி அடுப்புல போடலாம். எப்ப வருவார்னே தெரியலைன்னா?”

“எங்க மாமனார் வர்றதே இல்லை.”

“அப்ப பிரச்சினையே இல்லை. அறுந்த கம்பியைச் சுலபமாக் கண்டுபிடிச்சிடலாம்.”

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி ரொட்டி இடைவேளையில் அவள் ஈரல் பசை தடவிய ரொட்டியைக் கடித்தபடி அலைக்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு ஒரு முறை துள்ளியது. அவள் வாய்விட்டு எண்ணினாள். ஏழு வினாடி கழித்து மறுபடி துள்ளியது. பிறகு தலையை நிமிர்த்திக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். ரொட்டியைக் கீழே வைத்தாள்.

திரையின் மூலையில் எங்கள் தொழிற்சாலையின் சின்னம் இருந்தது. நகத்தில் உருளையைப் பற்றிய கழுகு. ஏழு வினாடிக்கு ஒரு முறை அது சிறகை விரிக்கும். இயக்குநரின் நேரடி உத்தரவு. ஒவ்வொரு இறகும் தனித்தனியாக அசைய வேண்டும் என்று அவரே மூன்று முறை திருத்தம் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் இறகு வரைகிற மும்முரத்தில் மூன்றாம் மோட்டாருக்குத் தந்தியைச் சரியாகக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் மோட்டாருக்குக் கொஞ்சம் பிந்திக் கொடுத்தது. கொஞ்சம் என்றால் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் காகிதம் வினாடிக்குப் பத்து மீட்டர் ஓடுகிறது. அந்தத் துளி நேரத்தில் அது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். இயக்குநருக்குப் புது மீசை முளைக்க அது தாராளம்.

அன்று மாலையே இயக்குநரிடம் போனோம்.

“கழுகை எடுக்கறதா?” என்றார். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “ஃப்ராவ் எண்ட்ரஸ், இந்தக் கழுகு ரெண்டு போரைப் பாத்தது. எங்க தாத்தா காலத்துலேருந்து ஒவ்வொரு மெஷின் மேலயும் உக்காந்திருக்கு.”

“உக்காந்திருக்கட்டும் ஹெர் டைரக்டர். பறக்காம இருந்தாப் போதும்.”

“உக்காந்திருக்கிற கழுகுக்கு என்ன பேர் தெரியுமா? கோழி.”

வெளியே வந்ததும் நான் அவளைத் தேற்ற முயன்றேன். அவள் தேறுகிற மாதிரி தெரியவில்லை.

“அவர் மறுத்ததும் ஒரு விதத்துல சரிதான், ஹெர் ஹுப்மான். கழுகைத் துரத்தினா மட்டும் போதாது. இன்னைக்குக் கழுகு. நாளைக்கு யாராவது பிரிண்டரை மாட்டுவாங்க, கடிகாரம் வரைவாங்க. அனுப்பறவன் எப்பவும் கொஞ்சம் நடுங்குவான். வாங்கிக்கறவன்தான் அதைச் சமாளிக்கணும். எப்படின்னுதான் தெரியலை.” சாவியைத் தேடினாள். “இன்னும் ரெண்டு வாரம். பேரிங் கம்பெனிக்காரங்க போன வாரம்தான் கேட்டாங்க, ஒண்ணாம் தேதி வர்றீங்களான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வரேன்னுட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு.”

ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் வீட்டில் காபி. ஒவ்வொரு வருடமும் ஜூன் முதல் ஞாயிறு பிரிவுத் தலைவர்களையும் மேஸ்திரிகளையும் மூன்று மணிக்கு அழைப்பார். விளம்பரம் எழுதுபவன் எந்தப் பிரிவுக்கும் தலைவன் இல்லை. ஆனால் அங்கே நடக்கும் சொற்பொழிவை யாராவது குறித்துக்கொள்ள வேண்டுமே. ரோஸ்விதாவின் கார் பணிமனையில் இருந்ததால் என் ஓப்பலில் ஏறிக்கொண்டாள். மடியில் ருபார்ப் கேக்.

சாலையில் கூட்டமே இல்லை. திராட்சைத் தோட்டச் சரிவில் இயக்குநர் வீடு தெரிந்தபோது மணி இரண்டு முப்பத்தெட்டு. எங்கள் பக்கம் சொன்ன நேரத்துக்கு முன்னால் போவதும் மரியாதைக் குறைவு; நான் யோசிக்காமல் வண்டியை அடுத்த சந்துக்குள் திருப்பினேன். அங்கே ஏற்கெனவே நாலு கார்கள் நின்றன. வார்ப்படப் பிரிவின் தலைவர் இன்ஜினை அணைத்துவிட்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் பிரிவு அம்மாள் மனைவியில்லாத கொள்முதல்காரரின் காருக்கு இரண்டடி தள்ளித் தன் காரை நிறுத்தி, மடியில் பூங்கொத்தோடு, அவரைப் பார்க்காதவள்போல் இருந்தாள். நியூரம்பெர்க்கிலிருந்து நெடுஞ்சாலையில் வந்தவரும் உண்டு, அடுத்த தெருவிலிருந்து வந்தவரும் உண்டு. யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மூன்று மணிக்கு முன்னால் நாங்கள் யாரும் அங்கே இல்லை.

ஆலோயிஸ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் ஜன்னலுக்கு வந்தார். மாதாகோயில் மணி முக்கால் அடித்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“மணி இன்னிக்குக் கொஞ்சம் பிந்திடுச்சு.”

“உங்க வாட்ச் முந்தியிருக்கலாம்,” என்றேன்.

“கவிஞரே, வாயக் கழுவு. பன்னெண்டு வருஷமா ஓடுது.”

“அப்ப கோயில் மணியோட ஒத்துப் பாக்கவே மாட்டீங்களா?” என்று கேட்டாள் ரோஸ்விதா.

“தெனமும் பாப்பேனே. ஒரு நாளு மணியடிக்கிறவனுக்கு விக்கல் வந்துச்சுன்னு என் வாட்சோட கழுத்தத் திருகுவேனா? நாலு நாளு தொடர்ந்து ஒரே மாதிரி பிந்துச்சுன்னா, சரி, நம்ம மேலயும் தப்பிருக்கும்னு முள்ளக் கொஞ்சூண்டு நகத்துவேன். கொஞ்சூண்டுதான்.”

ரோஸ்விதா ஆலோயிஸையே பார்த்தாள். பிறகு சந்தில் நின்ற கார்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு ஆறு கார்களின் கதவுகள் ஒரே சமயத்தில் திறந்தன. பதினொரு பேர் கேக்கும் பூவுமாக இறங்கினோம். ‘அட, நீங்களா’ என்று ஆச்சரியப்பட்டோம். மூன்று மணிக்கு, ஒரு வினாடி முன்னே பின்னே இல்லாமல், வார்ப்படத் தலைவரின் விரல் அழைப்புமணியை அழுத்தியது. கதவு அந்தக் கணமே திறந்தது. இயக்குநர் உள்ளே கைப்பிடியைப் பிடித்தபடி எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேக்கை என் கையில் திணித்துவிட்டு இருமுவதுபோல் பாவனை செய்தாள்.

காபி மேசையில் சொற்பொழிவு உடனடித்தன்மை பற்றி. “எங்க தொழிற்சாலையில யாரும் எதுக்காகவும் காத்திருக்கறதில்லை,” என்றார் இயக்குநர். சற்றுமுன் சந்தில் இருபது நிமிடம் காத்திருந்த பதினொரு பேரில் பத்துப் பேர் தலையாட்டினோம். ரோஸ்விதா மட்டும் தலையாட்டவில்லை. கேக்குக்கு அடியில் இருந்த பூவேலைக் காகிதத்தை உருவி, அதன் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தாள். இயக்குநரின் மனைவி அதைக் கவனித்துவிட்டு இன்னொரு துண்டு கேக் வைத்தார், பாவம், பசி என்று நினைத்து.

திரும்பி வரும் வழியில் மனதில் இருந்ததைக் கொட்டினாள்.

“எல்லாரும் வேற வேற நேரத்துக்கு வந்தோம். மணியை ஒண்ணா அடிச்சோம். எப்படி? வந்த உடனே யாரும் அடிக்கலை.”

“அது மரியாதைங்க.”

“அதைத்தான் நான் என் மோட்டாருக்குச் சொல்லித் தரலை! தந்தி கையில கிடைச்ச நொடியே ஓடற மாதிரி எழுதிட்டேன். நல்ல வளர்ப்பு பாருங்க. வந்த வேலையை உடனே முடிக்கணும்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாங்க. தந்தி நடுங்கினா மோட்டாரும் நடுங்கும். இனிமே வாங்கி வெச்சுக்கிட்டுக் காத்திருக்கணும். அடுத்த சுற்று ஆரம்பிக்கறப்ப எட்டும் சேர்ந்து கதவைத் தட்டணும். முன்னால வந்தவன், பின்னால வந்தவன், யாரா இருந்தாலும் சரி.”

“அடுத்த சுற்று எப்ப ஆரம்பிக்குதுன்னு மோட்டாருக்கு எப்படித் தெரியும்? அதையும் அந்தக் கம்ப்யூட்டர்தானே சொல்லணும்? அதுக்குத்தான் விக்கல்.”

“ஒவ்வொரு மோட்டாருக்கும் உள்ள ஒரு கடிகாரம் இருக்கு. இதுவரைக்கும் கம்ப்யூட்டர் மணியடிச்சா, அதை அப்படியே நம்பி முள்ளைத் திருப்பிச்சு. இனிமே பதினாறுல ஒரு பங்குதான் நம்பும். ஒரு தடவை விக்கல் வந்தா கண்டுக்காது. திரும்பத் திரும்ப வந்தாக் கொஞ்சூண்டு நகரும். ஆலோயிஸ் மாதிரி.”

“ஆலோயிஸ்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டார்.”

திங்கட்கிழமைக் கூட்டத்தில் விஷயத்தை வைத்தாள். எல்லா மோட்டாரும் ஒரு சுற்று காத்திருக்கும், அதாவது வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, எட்டுக்கும் ஒரே அளவு, அதனால் நிறம் விலகாது என்றாள். இயக்குநர் பையிலிருந்து என் விளம்பரப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தார், மாதா சொரூபம்போல.

“இதுல என்ன எழுதியிருக்கு?”

யாரும் படிக்கவில்லை. தங்க எழுத்து அறைக் கோடி வரை தெரிந்தது.

“இதை எழுதினது யாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நான்தான் ஹெர் டைரக்டர். ஆனா அது சும்மா ஒரு அழகுக்கு...”

“அழகில்லை ஹெர் ஹுப்மான். அது கொள்கை.” அவர் ரோஸ்விதா பக்கம் திரும்பினார். “ஐயாயிரம் பிரதி அடிச்சாச்சு. தாமதம்ங்கிற வார்த்தை இனிமே இந்தத் தொழிற்சாலைக்குள்ள யார் வாயிலேருந்தும் வரக் கூடாது. புரியுதா?”

“புரியுது ஹெர் டைரக்டர்,” என்றாள் அவள், ரொம்பவும் பணிவாக.

நடைக்கு வந்ததும் நான் அவளைப் பார்க்கவே வெட்கப்பட்டேன். மூன்று அழகான சொற்களைத் தேடி ஒரு பிற்பகலில் எழுதிய வரி, ஒரு பெண்ணைத் திரும்பவும் குண்டு பார்க்க அனுப்பப் போகிறது. வாழ்க்கையில் என் எழுத்து யாரையாவது பாதித்த முதல் சந்தர்ப்பம்.

“மன்னிச்சிடுங்க,” என்றேன்.

“எதுக்கு? வார்த்தை வரக் கூடாதுன்னுதானே சொன்னார்? மோட்டார் பேசாது.” அலைக்காட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

எட்டு மோட்டாருக்கும் நிரலை மாற்றிப் பதிய ஒன்றரை வாரம் ஆனது. புதன்கிழமை காலை காகிதம் ஓடியது. ஆலோயிஸ் தாளை உருவினார். ஒன்று. இன்னொன்று. கழுகு சிறகு விரித்த நேரம் பார்த்து மூன்றாவது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்ன ஆலோயிஸ்?”

“ஒரே மீசைதான்,” என்றார் வருத்தத்தோடு. “மூஞ்சி மட்டும் அப்படியே இருக்கு. அதுக்கு ஒண்ணும் வைத்தியம் இல்லியா, பொண்ணே?”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஃப்ராவ் வெஸ்டர்கம்ப் வந்தார். வடக்கே ஓல்டன்பர்க் பக்கம் மூன்று செய்தித்தாள்களின் சொந்தக்காரி. எழுபது வயது. கழுத்தில் முத்துமாலை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. நிகழ்ச்சி நிரலில் இயக்குநரின் வரவேற்புரைக்குப் பத்து நிமிடம், ரோஸ்விதாவின் விளக்கத்துக்கு இருபது, வாடிக்கையாளர் கேள்விக்கு முப்பது. இயக்குநர் நாற்பத்தைந்து நிமிடம் பேசினார். தாத்தா வந்தார், இரண்டு போரும் வந்தன. முறை தாண்டிப் பேசினால் வாயை அடைக்கிற வசதி எங்கள் கண்ணாடி இழையில் உண்டு. மேடை ஒலிபெருக்கியில் இல்லை. ரோஸ்விதாவின் இருபது நிமிடம் அப்படியே போனது.

பிறகு இயந்திரம் ஓடியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஷாஃப்ட் ஓடிய காலத்தில் கூடம் உறுமும். இது உறுமவில்லை. எட்டு மோட்டாரும் ஒரே குரலில் முனகத் தொடங்கி, முனகல் மெல்ல மேலேறி, ஒரு சுருதியில் நின்றது. தரை நடுங்கவில்லை. காகிதம் வெள்ளை மதில்போல நின்ற இடத்தில் நிற்பதாகத் தோன்றியது. எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இப்போதும் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும் முதல் நொடியில் அந்தச் சுருதி கேட்டதுபோல் இருக்கும். அடுத்த நொடி அது வெறும் ஃபிரிட்ஜ் ஆகிவிடும்.

ஃப்ராவ் வெஸ்டர்கம்ப் தாள்களைப் பார்த்தார். குனிந்து, பூதக்கண்ணாடியைத் தாள்மேல் வைத்து, கண்ணை அதன்மேல் வைத்து. பத்துத் தாள். இருபது. இயக்குநரின் மூக்கை அத்தனை நெருக்கத்தில் அவர் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டார்.

“நல்லா இருக்கு,” என்றார் நிமிர்ந்து. என் விளம்பரப் புத்தகத்தை எடுத்தார். “ஒண்ணு கேக்கணும். ஒரு கணமும் தாமதமின்றின்னு போட்டிருக்கு. நிஜமாவே இல்லையா?”

“துளிகூட இல்லை, மதிப்புக்குரிய ஃப்ராவ் வெஸ்டர்கம்ப்,” என்றார் இயக்குநர்.

“உங்களைக் கேக்கலை. இதைச் செஞ்சது யாரு? அந்தப் பொண்ணா?”

ரோஸ்விதா கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் அவள் கைகளைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் விரல்கள் ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டிருந்தன. இல்லை என்றால் வேலை நிலைக்கும். அச்சு சுத்தமாக வந்துவிட்டது. கிழவி கையெழுத்துப் போட்டுவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஆம் என்றால், இத்தனை பேர் முன்னால் இயக்குநரைப் பொய்யராக்கியவள் எந்தத் தொழிற்சாலையிலும் திங்கட்கிழமை இருக்க மாட்டாள். நான் என் பங்குக்கு என்ன செய்தேன் என்றால், காமிராவைத் துடைத்தேன்.

“தாமதம் இருக்கு,” என்றாள் ரோஸ்விதா.

இயக்குநரின் கழுத்து சிவந்தது.

“எவ்வளவு?”

“வினாடியில ஆயிரத்துல ரெண்டு பங்கு. எப்பவும் ரெண்டு. கூடாது, குறையாது. எட்டு மோட்டாரும் சேர்ந்து காத்திருக்கும், சேர்ந்து ஓடும். தந்தி வர்றதுல நடுக்கம் இருக்கு. அதை என்னால ஒழிக்க முடியலை. காகிதத்துக்குத் தெரியாம மறைக்க மட்டும்தான் முடிஞ்சுது.”

“நடுக்கம் எதனால?”

ரோஸ்விதா இயக்குநரைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். “கழுகால.”

“எதால?”

“காட்டறேன்.” அவள் விசைப்பலகையில் இரண்டு வரி தட்டினாள். ஏழு வினாடிக்கு ஒரு முறை சிறகு விரித்த கழுகு இப்போது நிற்காமல் அடிக்கத் தொடங்கியது, குளிக்கிற வாத்துபோல. அலைக்காட்டியில் கோடு தாறுமாறாகத் துள்ளியது. “இதைவிட மோசமா நடுங்க வைக்க என்னால முடியாது. இப்ப தாளை எடுத்துப் பாருங்க.”

ஃப்ராவ் வெஸ்டர்கம்ப் தானே போய்த் தாளை உருவினார். மறுபடி குனிந்தார். கூடத்தில் முப்பது பேர் நின்றோம். இயக்குநரின் பார்வை கழுகின்மேல் இருந்தது, முகத்தில் ஒரு மாதிரிப் பெருமை.

“புள்ளி மேல புள்ளி உக்காந்திருக்கு,” என்றார் கிழவி. பூதக்கண்ணாடி கயிற்றில் தொங்கி ஆடியது. “ஹெர் டாக்டர் ஷ்ராம், தாமதமே இல்லைன்னு சொல்லி எங்கிட்ட இதுவரைக்கும் நாலு மெஷின் வித்திருக்காங்க. நாலுலயும் தாமதம் இருந்துச்சு. எவ்வளவுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியலை. எங்க கையெழுத்துப் போடணும்? அப்புறம், இந்தப் பொண்ணுதான் வந்து பூட்டித் தரணும். வேற யாரையும் அனுப்பாதீங்க.”

இயக்குநர் கண நேரம் தடுமாறினார். பிறகு நிமிர்ந்தார். “கணக்கிட்ட நிதானம்,” என்றார் கூடத்தை நோக்கி. “எங்க தொழிற்சாலையோட பரம்பரைக் குணம். ஹெர் ஹுப்மான், குறிச்சுக்கோங்க.”

குறித்துக்கொண்டேன். ஐயாயிரம் பிரதியும் பழைய காகிதத்துக்குப் போயின. அடுத்த மாதமே ‘கணக்கிட்ட நிதானம்’ தங்க எழுத்தில் வந்தது. அதை எழுதியதும் நான்தான். அது உண்மை என்பதால் எழுதக் கஷ்டமாக இருந்தது.

விருந்தாளிகள் மது அருந்தப் போன பிறகு, இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கூடத்தில், ரோஸ்விதா சுவர்த் தொலைபேசியில் ஷ்வைன்ஃபுர்ட்டை அழைத்தாள். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு கத்தினாள். “ஒண்ணாம் தேதி இல்லைங்க! ... இல்லை, ரெண்டாம் தேதியும் இல்லை! ... வரவே மாட்டேன்!” வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“எனக்குப் பசிக்குது, ஹெர் ஹுப்மான். காலையிலேருந்து ஒண்ணும் இறங்கலை.”

ஓடினோம். கேண்டீன் ஒன்றரைக்கு மூடும். நாங்கள் வாசலை அடைந்தபோது ஒன்று முப்பத்தொன்று. இரும்புத் தகட்டை ஏற்கெனவே இறக்கிப் பூட்டியிருந்தார்கள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தட்டினோம். சத்தம் நின்றது. திறக்கவில்லை. மறுபடி பாத்திரம் கழுவத் தொடங்கினார்கள். ரோஸ்விதா படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியாமல். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.